எரிந்த மதனும் எழும் நினைவும்: மாத்தளைக் காமன் கூத்தும் கரீபியக் களியாட்டமும்

'கார்னிவல்' என்னுஞ் சொல் மாத்தளை மக்களுக்குப் புதியதன்று. ஆயின் அச்சொல் நம்மவர் மனத்தில் எழுப்பும் காட்சி இராட்டினமும், மரணக் கிணற்றில் ஓடும் மோட்டார் சைக்கிளும், வளையம் எறிந்து பரிசு பெறும் கடைகளுமேயாகும். நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே சென்று வேடிக்கை பார்த்துத் திரும்புவதே நாம் அறிந்த கார்னிவல். இதே சொல் கரீபியத் தீவாகிய திரினிடாட்டில் வழங்கும் பொருள் முற்றிலும் வேறானது. ஆங்கு அது பார்க்கப்படுவதன்று, ஆடப்படுவது. தவக்காலத்துக்கு முந்திய இரு நாட்களும் ஊரே வீதியில் இறங்குகின்றது. பார்வையாளர் என்போர் இன்னும் வேடம் அணியாதவரேயன்றி வேறோர் இனத்தவர் அல்லர்.

அவ்வகையில் நோக்கின், திரினிடாட்டின் கார்னிவலுக்கு மாத்தளையில் நேர் நிற்கத்தக்கது இராட்டினக் கொட்டகையன்று. ஏறத்தாழ அதே பருவத்தில், மாசித் திங்களின் வளர்பிறை நாட்களில், தோட்டத்து லயங்களுக்கிடையே நிகழும் காமன் கூத்தேயாம். இவ்வொப்புமையைக் கண்டு அதனை 'மலையகத்தின் கார்னிவல்' என அழைக்க விழைவோர் உளர். அழிந்துவரும் நாட்டார் கலையாகக் கருதி, மேடைக்கேற்பச் சுருக்கினாலன்றி அது பிழையாது என வாதிடுவோரும் உளர். இவ்விரு கருத்துக்களும் அன்பினால் எழுந்தவையே. ஆயினும் கூத்து தன் இயல்பில் யாது என்னும் வினாவை இரண்டுமே கேளாது கடந்துவிடுகின்றன. அவ்வினாவைக் கரீபிய அனுபவத்தின் துணைகொண்டு எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவேறு கடல், ஒரே பயணம்

ஒப்பீடு வலிந்து செய்யப்படுவதன்று என்பதனை முதலில் நிறுவுதல் வேண்டும். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை 1834 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டு, 1838 இல் முழு விடுதலை கிடைத்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் மாற்றுக் கைகளைத் தேடினர். 1845 மே 30 ஆம் நாள் 'ஃபத்தேல் ரசாக்' என்னுங் கப்பல் இந்தியத் தொழிலாளரைத் திரினிடாட்டில் இறக்கியது. 1917 இல் ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்படுமுன் ஏறத்தாழ 1,44,000 இந்தியர் அத்தீவை அடைந்தனர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு 1853, 1854 ஆம் ஆண்டுகள் முதலாகப் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் சென்றனர். அவர்கள் மாரியம்மனையும் மதுரைவீரனையும் உடன்கொண்டு சென்றனர். குவாதலூப்பில் இரவு முழுதும் ஆடப்பட்ட 'நாத்ரோன்', நாடகம் என்னும் நம் சொல்லின் திரிபேயாகும்.

அதே நூற்றாண்டில், அதே மாவட்டங்களிலிருந்து, அதே பஞ்சத்தினால் உந்தப்பட்டோர் இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நோக்கி வந்தனர். அவர்தம் பாதை மன்னார்க் கரையில் தொடங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தது. 1880 இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அதற்கு முன்னர் காடு கடந்து கால்நடையாக வந்தவர்களுள் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானோர் பலர். மலையின் முதற் குளிர் உடலிற் படும் இடம் மாத்தளை. உயிரோடு வந்து சேர்ந்தோம் என்று மூச்சு விட்ட இடமும் அதுவே. மாத்தளை முத்துமாரியம்மனை இப்பயணத்தின் நினைவோடு சேர்த்தே மக்கள் வழிபடுவது ஆராய்ச்சியாளருக்கு மாத்திரமன்றித் தோட்டத்துச் சிறாருக்கும் தெரிந்த செய்தியாகும்.

வேற்றுமை ஒன்றும் உண்டு. கரீபியத்துக்குச் சென்றவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தினால் ஆண்டுக் கணக்கில் கட்டுண்டனர். இலங்கைக்கு வந்தவர் கங்காணியிடம் பட்ட கடனால் கட்டுண்டனர். அக்கடனைக் குறித்த 'துண்டு' என்னுஞ் சீட்டு 1921 இல் சட்டத்தினால் தடைசெய்யப்படும்வரை தொழிலாளியின் தலையெழுத்தாகவே இருந்தது. கூத்தைப் பொருள்கொள்ளுமிடத்து இச்சீட்டு மீண்டும் நம் கவனத்துக்கு வரும்.

2. வீதி எவருக்குரியது?

திரினிடாட்டின் கார்னிவல் முதலில் பிரெஞ்சு முதலாளிகளின் முகமூடி விருந்தாகவே இருந்தது. அவ்விருந்தில் முதலாளிகள் தம் அடிமைகளைப்போல வேடமணிந்து, கரும்புக்காடு தீப்பற்றியபோது அடிமைகள் விரட்டப்பட்ட காட்சியை நடித்து மகிழ்ந்தனர். விடுதலையின் பின் அக்காட்சியை விடுதலை பெற்றவரே கைப்பற்றினர். தம் துன்பத்தைப் பிறர் நடித்ததைப் பறித்து, தீப்பந்தமும் தடியும் முரசுமாகத் தாமே நடித்தனர். 'கன்புலே' எனப்பட்ட அவ்வூர்வலத்தை 1881 இல் பொலிஸ் அதிகாரி பேக்கர் அடக்க முயன்றபோது, தலைநகர் வீதியில் பெருங் கலகம் மூண்டது. பின்னர் முரசு தடுக்கப்பட்டது. முரசு போனபின் மூங்கிற் குழாய்களைத் தரையில் மோதித் தாளமிட்டனர். அதன்பின் தகரப் பேணிகளும், ஈற்றில் எண்ணெய்ப் பீப்பாய்களும் இசைக்கருவிகளாயின. ஒருகாலத்தில் சேரி ரவுடிகளின் ஓசை என இகழப்பட்ட அவ்வெஃகு முரசு 1992 இல் அந்நாட்டின் தேசிய வாத்தியமெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இந்தியரின் ஊர்வலமும் அதே அச்சத்தையே அதிகாரிகளிடம் எழுப்பியது. முஹர்ரத்தில் நிகழும் 'ஹோசே' ஊர்வலத்திற் சமய வேறுபாடின்றித் தோட்டத் தொழிலாளர் திரண்டனர். அது நகரத்துள் நுழைதலாகாது என அரசு விதித்தது. 1884 ஒக்ரோபர் 30 ஆம் நாள் சான் பெர்னாண்டோவில் விதியை மீறி நுழைந்தோர்மீது துப்பாக்கிப் பிரயோகஞ் செய்யப்பட்டுப் பலர் மாண்டனர். வழிபாடு தோட்டத்துக்குள் நிகழும்வரை அதிகாரத்துக்கு ஆட்சேபமில்லை. நகர வீதிக்கு வரும்போதே அது குற்றமாகின்றது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

மாத்தளை நகர வீதியில் மாசி மகத்தை ஒட்டிப் பவனி வரும் ஐந்து தேர்களையும் இந்நோக்கிற் காணுதல் வேண்டும். தேர்த்திருவிழா ஆகம நெறிப்பட்டது; கூத்தோடு அதனை ஒன்றாக்குதல் பொருந்தாது. எனினும், குடியுரிமையற்றவர் என ஆக்கப்பட்ட ஒரு கூட்டத்தார், ஆண்டுக்கொருமுறை நகரின் நடுவீதியை வடம்பிடித்து நிறைப்பது வெறும் பக்திச் செயல் மாத்திரமன்று. 1983 ஜூலை வன்செயலில் அக்கோயிலும் தேர்களும் தீக்கிரையாயின. தேர்கள் மீண்டும் செய்யப்பட்டன. மீண்டும் அதே வீதியில் ஓடின. சான் பெர்னாண்டோவின் வரலாற்றை அறிந்தவர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை.

குடியுரிமைப் போராட்டத்திலும் இரு கடற்கரைகளும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. குவாதலூப்பில் ஹென்றி சிதம்பரம் என்னும் தமிழ் வழித்தோன்றல் 1904 முதல் 1923 வரை வழக்காடி, இந்திய வழியினரும் பிரெஞ்சுக் குடிமக்களே என்பதனை ஏற்கச் செய்தார். நம் நாட்டில் 1948 இல் பறிக்கப்பட்ட உரிமை, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்ட அவலத்தைத் தாண்டி, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு நிறைவு கண்டது. அவ்விடைக்காலத்தில் மாத்தளைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறியவர்களுட் கூத்து அறிந்தோரும் இருந்தனர். இராமனாகவோ மதனாகவோ ஆடியவர் 'பாஸ்போட்' வந்ததும் புறப்பட, அவ்வாண்டு அப்பாத்திரத்துக்கு ஆளில்லாது போன கதையைத் தோட்டத்து முதியோர் இன்றுஞ் சொல்வர். ஒரு கலை நலிவதற்கு மக்களின் அக்கறையின்மையே காரணம் என எளிதிற் கூறுவோர் இதனையும் கருதுதல் நன்று.

3. நகையும் ஒப்பாரியும்

இனி, கூத்தினுட் புகுவோம். அமாவாசைக்குப் பின் பிறை தென்படும் நாளில், லயங்களுக்கு அண்மையிலுள்ள காமன் பொட்டலிற் கம்பம் நடப்படும். கொம்பு நட்டு, வைக்கோற்புரி சுற்றி, வராட்டி கட்டிய அக்கம்பமே மதன். இரவுதோறும் தப்பு முழங்கும், பாட்டு வளரும். ரதியும் மதனும் லயந்தோறும் ஆடிவருவர். தவத்தில் ஆழ்ந்த சிவனை எழுப்பத் தேவர் மதனை ஏவுவர். தூதன் ஓலை கொணர்வான். போகவேண்டாம் என ரதி மன்றாடுவாள். மதன் போவான், நெற்றிக்கண் திறக்கும், கம்பம் எரியும். ரதியின் ஒப்பாரி பொட்டலை நிறைக்கும். பின்னர் மதன் உயிர்பெறுவான். ஆயின் ரதியின் கண்களுக்கு மாத்திரமே தோன்றுவான்.

இரஷ்யத் திறனாய்வாளர் பக்தின் 1965 இல் வெளியான தமது நூலிற் களியாட்டம் பற்றிக் கூறியவற்றுள் இரண்டு கருத்துக்கள் நமக்குப் பயன்படுவன. ஆடுவோரையும் காண்போரையும் பிரிக்கும் மேடை விளிம்பு களியாட்டத்தில் இல்லை என்பது ஒன்று. மேலோரைக் கீழிறக்கும் நகையே அதன் உயிர் என்பது மற்றொன்று. முதலாவது கருத்து காமன் கூத்துக்கு முழுதும் பொருந்துகின்றது. நேர்த்தி வைத்தோர், மஞ்சள் நீரோடு வாசலில் நிற்போர், உரு வந்து ஆடுவோர் யாவரும் கூத்தின் உள்ளேயே நிற்கின்றனர். இரண்டாவது கருத்து பொருந்துவதில்லை. குறவன் குறத்தி வருமிடத்தும் பிற இடங்களிலும் நகை உண்டு; ஆயின் கூத்து அங்கு நிலைபெறுவதில்லை. அதன் அனைத்துப் பாதைகளும் ரதியின் அழுகையையே சென்றடைகின்றன. திரினிடாட்டுக் களியாட்டத்தின் மையம் நகை எனின், மாத்தளைக் கூத்தின் மையம் ஒப்பாரி எனலாம்.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. கரீபிய அடிமைகளின் வழித்தோன்றல்கள் கொண்டாடுவதற்கு 1838 என்னும் ஓர் ஆண்டு இருந்தது. மலையகத் தொழிலாளருக்கு அத்தகைய ஒருநாள் வாய்க்கவேயில்லை. கடன் கழிந்தது; துண்டு ஒழிந்தது; தோட்டங்கள் 1970 களில் அரசுடைமையாகிப் பின்னர் 1992 முதல் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றன. ஆயினும் 'இன்று முதல் விடுதலை' என மணியடித்த நாளொன்று இல்லை. கொண்டாட நாள் இல்லாதவர், துக்கிக்க ஒரு நாளைத் தாமே அமைத்துக்கொண்டனர் என்றே நான் கொள்ளுகின்றேன்.

மதனின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். புராண நூல்களில் அவன் காமக் கடவுள். பொட்டலில் அவன் ஏவலாள். வேலையை வகுத்தவன் அவனல்லன், அதனாற் பயன் பெறுபவனும் அவனல்லன், மேலிருந்து ஓலை வருகின்றது, போகாதிருத்தல் இயலாது, போனால் எரிவது அவன் உடல். ஓலையோடு வரும் தூதனைக் காணும்போது துண்டோடு வந்த கங்காணியை நினைவுகூரும் உரிமை அக்கூத்தைப் போற்றிவந்த மக்களுக்கு உண்டு. தஞ்சைப் பகுதியின் இலாவணியில் மதன் எரிந்தானா, எரியவில்லையா எனக் கட்சி பிரிந்து வாதிடும் மரபு உண்டு. மலையகப் பொட்டலிலோ, அவன் எரிந்ததில் எவருக்கும் ஐயமில்லை. ரதிக்கு மட்டும் தெரியும்படி அவன் எழுவது, வழியில் மாண்டு புதைகுழியும் பெறாத மூதாதையரை நினைவில் மாத்திரம் வைத்திருப்போருக்கு மிகவும் தெரிந்த அனுபவமாகும்.

எனினும், கூத்தைப் போற்றுமிடத்து அதன் குறைகளை மறைத்தல் திறனாய்வாகாது. ரதியின் துயரம் பெண்ணின் துயரம். மரபின்படி அதனை ஆடுவோர் ஆடவர். பகலெல்லாம் கொழுந்து பறித்தவளும், உண்மையில் ஒப்பாரி பாடத் தெரிந்தவளுமாகிய பெண், பொட்டலின் ஓரத்தில் நின்று தன் அழுகையைப் பிறன் குரலிற் கேட்கின்றாள். திரினிடாட்டில் இன்று வேடமணிந்து வீதியில் ஆடுவோருட் பெரும்பாலோர் பெண்கள். அங்குள்ள மாற்றத்தை அப்படியே இங்கு பெயர்த்தல் வேண்டும் என்பதன்று என் கருத்து. வினாவை நாமே கேட்டாக வேண்டும் என்பதே. இரண்டாவது குறை தப்பைப் பற்றியது. அதிகாலையிற் பிரட்டுக்கு அழைத்த கருவியும் இரவில் மதனை அழைக்கும் கருவியும் அதுவே. கோயிலும் சாவீடும் கூத்தும் தப்பின்றி நிகழா. இருந்தும் அதனை அடிப்பவர்மீது ஏற்றப்பட்ட சாதியிழிவைத் தோட்டம் சுமந்துகொண்டே வந்துள்ளது. எஃகு முரசுக்குத் தேசிய மதிப்பு வந்தது, அதனை அடித்தவர்களின் தெருவுக்கு மதிப்பு வந்த பின்னரன்று. பலவிடத்து அதற்கு முன்னரே வந்துவிட்டது. ஆகவே 'தப்பு நம் பண்பாட்டின் சின்னம்' என மேடையில் முழங்குவதனாலேயே கடன் தீர்ந்ததாகக் கருதலாகாது.

4. பொட்டலும் மேடையும்

மேடையேற்றம் பற்றிய வினா இனி வருகின்றது. நம் பல்கலைக்கழக மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடைக்குக் கொணர்ந்து, விடியும்வரை ஆடப்பட்ட கூத்தை நகரத்தார் அமர்ந்து காணும் கால எல்லைக்குள் அமைத்தார். அம்முயற்சியின் பெருமை மறுக்கவொண்ணாதது. கூத்து என்றால் நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு என்றிருந்த ஏளனத்தை அதுவே உடைத்தது. ஆயின் அம்முறையைக் காமன் கூத்துக்கு அவ்வாறே பிரயோகிக்கலாமா?

இவ்விடத்து இரு கரீபியப் படைப்பாளிகள் நமக்கு உதவுகின்றனர். ஏர்ல் லவ்லேஸ் 1979 இல் வெளியிட்ட, 'டிராகனால் ஆட இயலாது' எனப் பொருள்படும் தலைப்பையுடைய நாவலில், ஆல்ட்றிக் என்பவன் ஒவ்வோராண்டும் தன் டிராகன் உடையைச் செதில் செதிலாகத் தைக்கின்றான். இரு நாள் ஆட்டத்திலன்று, அதற்கு முந்திய மாதங்களின் தையலிலேயே அவன் தன் முன்னோரை உணருகின்றான். இசைக்குழுவோ கம்பனியின் ஆதரவை ஏற்றுத் தன் பெயரோடு கம்பனியின் பெயரையுஞ் சுமக்கத் தொடங்குகின்றது. அந்நாவல் கார்னிவலைப் பழிப்பதுமில்லை, முழுதாக நம்புவதுமில்லை. ஆடித் தீர்த்த கோபம் வாழ்வை மாற்றுமா என அது கேட்கின்றது. மேலும், குன்றுவாழ் மக்களோடு சேரத் தவிக்கும் பரியாக் என்னும் இந்தியனை அக்களியாட்டம் உள்ளே ஏற்பதில்லை. அவன் ஆசையோடு வாங்கிய சைக்கிளும் உடைக்கப்படுகின்றது. யாவரையும் ஒன்றாக்கும் விழா எனப் புகழப்படுவதன் வாசலில் எவர் நிற்கின்றார் என்று பார்க்கும் அந்நேர்மை நமக்கும் வேண்டும்.

மற்றவர் கவிஞர் டெரெக் வால்கொட். 1992 இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையை அவர் திரினிடாட்டின் ஃபெலிசிற்றி என்னுங் கிராமத்து இராமலீலையிலிருந்தே தொடங்கினார். தாம் அதனை நாடகமாகக் காணச் சென்றதாகவும், ஆடிய சிறுவர்க்கோ அது நடிப்பன்று, நம்பிக்கை என்பதனைப் பின்னரே உணர்ந்ததாகவும் அவர் ஒப்புக்கொள்கின்றார். நாடகாசிரியராகிய ஒருவரே தம் பார்வையின் பிழையை உலகறியக் கூறியமை நமக்குப் பெரும் பாடமாகும்.

அப்பாடத்தைக் காமன் கூத்தில் வைத்துப் பார்ப்போம். அதனை ஒரு மணி நேரமாகச் சுருக்கும்போது இழக்கப்படுவன சில பாடல்களும் அடவுகளும் மாத்திரமல்ல. வேலை முடிந்து வந்தோர் இரவுதோறும் சிறிது சிறிதாகத் தம் துயரை வளர்த்தெடுக்கும் அந்நாட்கள் இழக்கப்படுகின்றன. ரதி தன் வாசலுக்கே வந்து அழுத அனுபவம் இழக்கப்படுகின்றது. ஏனைய கூத்துக்களுக்குக் கதையே முதல்; மேடையில் அது பிழைக்கும். காமன் கூத்துக்கு நாட்களே முதல். நாட்களைச் சுருக்கியபின் எஞ்சுவது வேறொன்று. அவ்வேறொன்று நன்றாகவே இருத்தல் கூடும். புதிய நாடகமாக அதனை வரவேற்கலாம். ஆயின் அதுவே காமன் கூத்து எனச் சான்றிதழ் வழங்குதல் தகாது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? ஸி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார். மாத்தளை வடிவேலன் மலையகப் பாரம்பரியக் கலைகளைப் பற்றி எழுதினார். பல்கலைக்கழகத்தின் பெருவசதிகளின்றித் தோட்டத்தின் உள்ளிருந்தே அவர்கள் செய்த பணி அது. நம்மிடம் ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் நூலகமும் உள. கம்பம் நடும் நாள் முதல் எரியும் நாள்வரை ஒரு தோட்டத்தின் முழுக் கூத்தையும், வாத்தியார் சொல்லும் விளக்கத்தோடும் பெண்கள் கூறும் கருத்தோடும், தப்படிப்பவரின் பெயரை முதலில் எழுதிப் பதிவுசெய்தல் ஒரு சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. குவாதலூப்பின் வழிபாட்டிற் பாடப்படும் தமிழ்ப் பாடல்களின் பொருள் பாடுவோர் பலருக்கு விளங்குவதில்லை. ஆயினும் ஒலி சிதையாது காக்க முயன்று பாடுகின்றனர். பொருள் விளங்கும் நாம் அவர்களிலும் குறைந்த அக்கறை காட்டுதல் முறையன்று.

2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, ஜூலை 28 இல் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோர் முன்னோர் நடந்த வழியே நடந்து, ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். வழியில் மாண்டோருக்கு அஞ்சலி செய்தனர்; காணியும் வீடும் நியாயமான கூலியும் கேட்டனர். அது கூத்தன்று, கார்னிவலுமன்று. ஆயினும் துக்கத்தை வீதிக்குக் கொணர்ந்து, அதனோடு கோரிக்கையையும் சேர்த்தது. ஆடித் தீர்த்த கோபம் வாழ்வை மாற்றுமா என்னும் லவ்லேஸின் வினாவுக்கு மாத்தளை வீதியில் எழுந்த ஒரு தொடக்க விடையாக அந்நடைபயணத்தைக் கொள்ளலாம். பொட்டலில் இரவுதோறும் அழக் கற்ற மக்களே அன்று பகலிற் பேசினர். அவ்வழுகையை இரசிக்கத்தக்க ஒரு காட்சியாகச் சுருக்கிக்கொள்வோமாயின், அப்பேச்சையும் நாம் சரிவரக் கேட்கமாட்டோம்.